கிட்டாரின் பெயிண்ட் பெயர்ந்தால்: முதலில் விரல், அப்புறம் கண்

கேட்டவர் பெங்களூரு லிங்கராஜபுரத்துக்காரர். மகளுக்காகப் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கியிருக்கிறார். இந்தோனேசியாவில் செய்தது, ஸ்ட்ராட் வடிவம் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டரைப் போன்றது), பளபளக்கும் கறுப்பு. சீலிங் ஃபேனில் பட்டு ஹெட்ஸ்டாக்கின், அதாவது கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியின், நுனி நசுங்கியிருக்கிறது. பாடியின் கீழ் விளிம்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து மரம் தெரிகிறது. நெக் என்ற கழுத்துப்பகுதி பாடியோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல் கோடு ஓடுகிறது. முன்பக்கம் முழுக்க மெல்லிய சிராய்ப்புகள், ஸ்டிக்கர் உரித்த பிசுக்கு. போன ஆயுத பூஜைக்கு வீட்டில் வைத்த குங்குமம் நெக்கின் பின்புறத்தில் சாயமாக ஊறிவிட்டது. ஜே.சி. ரோட்டில் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவரிடம் கொடுத்து முழுக்க அடித்துவிடலாமா, வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியுமா, நண்பர் வைத்திருக்கும் பழைய கிப்சன் என்ற அமெரிக்கக் கிட்டாருக்கும் இதே வைத்தியம் செல்லுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முழுக்க அடிக்க வேண்டாம். நீங்கள் சொன்னவற்றில் விரிசல் கோட்டைத் தவிர எதுவும் அவசரமானதல்ல. அந்தக் கோடும் பெரும்பாலும் பயமுறுத்தும் அளவுக்கு இருக்காது. மற்றவற்றை வீட்டு மேஜையிலேயே சரிசெய்யலாம். ஆனால் வேலை தொடங்கும் முன் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள். பழுதுபார்த்த இடம் விரலுக்குத் தெரியக் கூடாது. கண்ணுக்குக் கொஞ்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, நிறம் அச்சாகப் பொருந்த வேண்டும் என்று அலைகிறவர்கள்தான் நாணய அளவுப் புண்ணைக் கையகலப் புண்ணாக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். மேடு பள்ளம் இல்லாமல் சமமாக இருக்கும் பரப்பில் வெளிச்சம் உடையாமல் ஓடும். அங்கே நிறம் சற்றே மாறியிருந்தாலும் இரண்டடி தள்ளி நிற்பவருக்குத் தெரியாது. நிறம் சரியாக இருந்து பரப்பு சமமாக இல்லாவிட்டால் அறையின் அடுத்த மூலையிலிருந்தே தெரியும்.

முதலில் மேலே பூசியிருப்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கிட்டார்களில் பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள்தான். ஒன்று, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போக, மிச்சம் நிற்பது படலம். அதனால் அதே கரைப்பானை மறுபடி காட்டினால் மறுபடி இளகும். இன்னொன்று, பாலியெஸ்டர், பாலியூரித்தேன் வகை. இவை வேதிவினையால் இறுகுபவை. இறுகிய பின் எந்தத் தின்னரும் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. கிப்சன் இன்றும் நைட்ரோவைத்தான் அடிக்கிறது. ஸ்குவையர், யமஹா பசிஃபிகா, ஐபனெஸ், கோர்ட் போன்ற, இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்து நம் ஊருக்கு வரும் கிட்டார்களில் ஏறக்குறைய எல்லாமே இரண்டாவது குடும்பம். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஊகித்துக்கொண்டு இறங்காதீர்கள். நெக்கைக் கழற்றினால் அது உட்காரும் பள்ளத்தின் ஓரத்திலோ, பின்பக்க ஸ்பிரிங் மூடியின் அடியிலோ வெளியே தெரியாத பெயிண்ட் கொஞ்சம் இருக்கும். பஞ்சுக்குச்சியில் அசிட்டோனையோ, அசிட்டோன் கலந்த நகப்பூச்சு அழிக்கும் திரவத்தையோ ஒரு சொட்டு எடுத்து அங்கே தொட்டுச் சில நொடி வைத்திருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் நிறம் ஏறினால் லாக்கர். அசையாமல் இருந்தால் பாலி, அதாவது இரண்டாவது குடும்பம். அசிட்டோன் பிக்கார்டிலும் (பாடியின் முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடு) பிளாஸ்டிக் குமிழிலும் பட்டால் அவை உருகும். சோதனையை முடித்ததும் பாட்டிலை மூடி எட்ட வைத்துவிடுங்கள்.

இனி அந்த விரிசல் கோடு. ஸ்ட்ராட் வகையில் நெக்கை நான்கு திருகுகளால் பாடியின் பள்ளத்தில் முடுக்கியிருப்பார்கள். மலிவான கிட்டார்களில் பாலியெஸ்டர் படலம் தடிமனானது. அரை மில்லிமீட்டரை எட்டுவதும் உண்டு. நெக் பள்ளத்துக்குள் இறுக்கமாக நுழையும்போதோ, திருகை அதிகம் முடுக்கும்போதோ, பள்ளத்தின் மூலையில் மரம் மயிரிழை வளைகிறது. மரம் வளையும், கெட்டிப் படலம் வளையாது, வெடிக்கும். இப்படி வருபவைதான் பெரும்பாலானவை. சோதிப்பது எளிது. கம்பிகளைத் தளர்த்தி, நெக்கைக் கழற்றி, பள்ளத்தின் உள்சுவரில் பெயிண்ட் இல்லாத மரத்தை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே தெரியும் கோடு உள்ளே மரத்திலும் தொடர்கிறதா? தொடரவில்லை என்றால் அது வெறும் பெயிண்ட் விரிசல். நானாக இருந்தால் அதைத் தொடமாட்டேன். தொட்டே ஆக வேண்டுமென்றால் நீர்போல ஓடும் சூப்பர் குளூவை ஊசிமுனையால் ஒரு துளி விட்டால் கோட்டுக்குள் தானே உறிஞ்சிக்கொள்ளும், பாதி மறையும். கோடு மரத்திலும் ஓடினால், விரிசலை மெல்ல விரித்து மரப்பசை செலுத்திக் கிளாம்ப் போட வேண்டும். அதைப் பழக்கமுள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கோடு ஹெட்ஸ்டாக்கின் அடியில், நட்டுக்கு (நெக்கின் முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டை) பின்னால் இருந்தால் மொத்தக் கணக்கும் மாறிவிடும். உங்கள் கிட்டாரின் ஹெட்ஸ்டாக் நெக்கோடு ஏறக்குறைய ஒரே தளத்தில் இருப்பதால் அந்தக் கவலை குறைவு. கிப்சனில் அது பெரும்பாலும் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். சாய்வால் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்படுகிறது, நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராடு என்ற உலோகக் கம்பியைத் திருகுவதற்கான குழியையும் அதே இடத்தில் தோண்டியிருக்கிறார்கள், மரமோ மஹோகனி. கிட்டார் ஸ்டாண்டிலிருந்து பின்பக்கமாக விழுந்தால் உடைவது அங்கேதான். அங்கே மயிரிழைக் கோடு தெரிந்தால் அழகுவேலை என்று நினைத்து சூப்பர் குளூ விட்டுவிடாதீர்கள். அது உள்ளே ஊறிவிட்டால் பிறகு மரப்பசை பிடிக்காது. சரிசெய்ய வந்தவரின் வேலை இரட்டிப்பாகும்.

இப்போது பெயர்ந்த விளிம்பு. பெயர்ந்த துண்டு கிடைத்ததா என்று முதலில் வீட்டில் கேளுங்கள். பாலியெஸ்டர் கண்ணாடிபோலச் சில்லாகப் பெயரும். அந்தச் சில்லு கைவசம் இருந்தால் அதையே திரும்ப ஒட்டுவதைவிடச் சிறந்த பழுதுபார்ப்பு கிடையாது. நிறம், தடிமன், பளபளப்பு மூன்றும் ஏற்கெனவே பொருந்தியிருக்கும். பெருக்கித் தள்ளியாயிற்று என்றால் நிரப்பத்தான் வேண்டும்.

பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் வெண்மையாக ஒரு வளையம் தெரியும். அங்கே படலம் மரத்தைவிட்டுக் கிளம்பியிருக்கிறது, இன்னும் விழவில்லை. உள்ளே புகுந்த காற்றுதான் வெண்மை. ஆடுகிற சில்லுகளைக் கத்திமுனையால் எடுத்துவிட்டு, மெல்லிய சூப்பர் குளூவை ஓரமாகத் தொட்டால் அது கிளம்பிய படலத்தின் அடியில் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். வளையம் கண்ணெதிரே கறுத்து மறைவதைப் பார்க்கலாம். பலர் இதைச் செய்யாமல் நேரே நிரப்பப் போகிறார்கள். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே அடுத்த சில்லு பெயர்கிறது.

இதற்கெல்லாம் முன்னால் சுத்தம் செய்ய வேண்டும். சிகரெட் லைட்டரில் ஊற்றும் திரவத்தைத் துணியில் நனைத்து அந்த இடத்தைத் துடையுங்கள். அது பாலியையும் நைட்ரோவையும் ஒன்றும் செய்யாது, எண்ணெயையும் மெழுகையும் எடுத்துவிடும். முன்பு வைத்திருந்தவர் கார் டேஷ்போர்டு பாலிஷைக் கிட்டாரில் தேய்த்திருந்தால் அதிலுள்ள சிலிக்கோன் எந்தப் பூச்சையும் ஒட்டவிடாது. பெயிண்ட் வட்டம் வட்டமாக விலகி நிற்கும். அப்படி விலகினால் மறுபடி துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். மேலே மேலே பூசிப் பயனில்லை.

தெரியும் மரத்தின் மேல் சூப்பர் குளூவை மெல்லியதாகத் தடவி அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மரம் பெயிண்டைக் குடித்துவிட்டு மங்கலாக நிற்கும். பிறகு நிறம். கறுப்பு என்பது உங்கள் அதிர்ஷ்டம். எல்லா நிறங்களிலும் மன்னிக்கும் குணம் அதற்குத்தான் அதிகம். கார் டச்-அப் பேனாவோ கறுப்பு நகப்பூச்சோ போதும். வெள்ளை என்றால் சிரமம், ஏனென்றால் பழைய வெள்ளை எதுவும் வெள்ளையாக இல்லை. மேல்பூச்சு மஞ்சளித்து அது தந்தநிறமாகியிருக்கும். மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள்கள் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கின்றன என்பதைப் பொறுத்தே சாயல் அமைகிறது. தூரிகையால் தொட்ட இடத்தில் அவை வேறு மாதிரி படுக்கும். எவ்வளவு விலை கொடுத்துக் கலந்தாலும் அது தெரியத்தான் செய்யும். உங்கள் கறுப்பை மெல்லியதாக இரண்டு முறை பூசி, ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிடுங்கள். சுற்றியுள்ள பரப்பைவிடக் கீழேயே நிறம் நிற்க வேண்டும். மேலே நிரப்பப்போவது நிறமற்ற சூப்பர் குளூ.

பெட்டிக்கடையில் தொங்கும் ஃபெவிக்விக் குழாய் இதற்கு ஓரளவு உதவும். ஆனால் அது நீர்த்தன்மை அதிகம், நிரப்புவதைவிட ஓடத்தான் பார்க்கும். மாடல் விமானம் செய்பவர்களுக்கான கடைகளில் நடுத்தரக் கெட்டியில் கிடைப்பது நல்லது. பல்குத்தும் குச்சியால் துளித்துளியாக விடுங்கள். ஒரே தடவையில் குளம்போல நிரப்பினால் மேல் இறுகி உள்ளே இளகியே இருக்கும். பின்னால் அது அமுங்கும். ஒரு அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் சில மணி நேரம் கொடுங்கள். உடனே இறுகச் செய்யும் ஸ்பிரேயை ஆசைப்பட்டு அடிக்காதீர்கள். நுரைத்து வெண்குமிழிகள் மாட்டிக்கொள்ளும், கறுப்பின் மேல் அவை நட்சத்திரமாகத் தெரியும். சமையல் சோடா தூவும் வித்தையும் இணையத்தில் பிரபலம். நட்டில் கம்பி ஓடும் பள்ளத்தை நிரப்ப அது சரி. இங்கே வெள்ளைக் கட்டியாக நிற்கும்.

இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது. பெங்களூரில் பிப்ரவரி, மார்ச் மாத உலர்காற்றில் மெதுவாக இறுகும்; ஜூலை மழையில் வேகமாக இறுகி, சுற்றிலும் சாம்பல் பூத்தாற்போல வெள்ளைப் படிவை விடும். அந்தப் படிவு மேலோட்டமானது, தேய்த்தால் போகும். ஜன்னலைத் திறந்து வைத்தால் குறையும், மூக்குக்கும் கண்ணுக்கும் அதுவே நல்லது. இன்னொன்று: சிந்தியதைப் பனியன் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் இந்தப் பசை கிடுகிடுவென்று சூடாகும், விரல் வெந்துபோகும்.

நிரப்பிய இடம் சுற்றுப்புறத்தைவிட மயிரிழை மேடாக நின்றதும் ஒரு நாள் முழுக்க விடுங்கள். அதன் பிறகுதான் உண்மையான வேலை. விறைப்பான கட்டர் பிளேடை எடுத்து இரண்டு முனைகளிலும் செல்லோடேப் சுற்றுங்கள், நடுவில் மேட்டின் அகலத்துக்கு மட்டும் கூர்மையான விளிம்பை வெளியே விடுங்கள். டேப் சுற்றிய முனைகள் நல்ல பெயிண்டின் மேல் சறுக்கிக்கொண்டு போகும், நடுப்பகுதி மேட்டை மட்டும் சீவும். தாடி மழிக்கும் பிளேடு வேண்டாம், அது வளையும். டேப்பின் தடிமன் அளவுக்கு மேடு மிஞ்சும்போது நிறுத்தி, தண்ணீரில் நனைத்த வாட்டர் பேப்பருக்கு (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்; எண் ஏற ஏற மென்மை) மாறுங்கள். 800, 1000, 1500, 2000 என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். பேப்பரை விரலில் பிடித்துத் தேய்த்தால் விரலின் மென்மை பள்ளம் விழுத்தும். பள்ளிக்கூட அழிரப்பரில் சுற்றித் தேயுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய எண்ணின் கீறல்கள் முழுக்கப் போனபிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்பட்டு 1000-ஐத் தாண்டிவிட்டால் அதன் கீறல்கள் கடைசிப் பளபளப்பில் வந்து நின்று பல்லைக் காட்டும்.

இரண்டு இடங்களில் தனிக் கவனம் வேண்டும். ஒன்று, வளைந்த விளிம்பு. பெயிண்ட் அடிக்கும்போதே விளிம்பில் படலம் மெல்லியதாகத்தான் தங்கும். தேய்க்கும்போது முதலில் தீர்வதும் அங்கேதான். உங்கள் பெயர்ச்சி அந்த இடத்திலேயே இருப்பதால் நான்கு தடவை தேய்த்துவிட்டு ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். இன்னொன்று, திருகுத் துளைகள். பிக்கார்டு திருகு, ஸ்டிராப் மாட்டும் குமிழ் இவற்றின் துளைக்குள் தண்ணீர் போனால் மரம் உப்பி, துளையைச் சுற்றிப் பெயிண்ட் நட்சத்திரமாக வெடிக்கும். அங்கே தண்ணீருக்குப் பதில் லைட்டர் திரவத்தை நனைப்பானாகப் பயன்படுத்தலாம். பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ இருக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

2000-க்குப் பிறகு அந்த இடம் சீராக மங்கியிருக்கும். கார்களுக்கு விற்கும் ரப்பிங் காம்பவுண்ட், அதற்குமேல் இன்னும் மெல்லிய பாலிஷ், இரண்டையும் கையாலேயே போடுங்கள். டிரில் மிஷினில் பஞ்சுச் சக்கரம் மாட்டினால் கைக்கு ஓய்வுதான். ஆனால் ஒரே இடத்தில் ஒரு நொடி அதிகம் நின்றால் சூட்டில் படலம் இளகி மரம் வரை போய்விடும், பழைய பெயர்ச்சிக்குப் பக்கத்தில் புதியது ஒன்று உருவாகும். முன்பக்கச் சிராய்ப்புகளுக்கும் இதே காம்பவுண்டும் பாலிஷும் போதும், பேப்பர் தேவைப்படாது. அந்தச் சிராய்ப்புகள் வந்ததே துடைத்ததால்தான். மெட்ரோ வேலை நடக்கும் சாலையோரத்து வீடுகளில் கிட்டார்மேல் படிவது மென்தூசி அல்ல, சிமெண்ட்டும் மணலும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் அது உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும். முதலில் பெயிண்ட் தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

ஸ்டிக்கர் பிசுக்குக்கு ஊட்டி நீலகிரித் தைலமே போதும். துணியில் நனைத்துப் பிசுக்கின் மேல் சற்று நேரம் வைத்துவிட்டுத் தேய்த்தால் உருண்டு வரும். பாலி என்பதால் பயமில்லை. ஆனால் ஸ்டிக்கர் பல வருடம் இருந்திருந்தால் அதன் அடியிலுள்ள நிறம் வெளிச்சம் படாமல் தனியாக நிற்கும். கறுப்பில் அது தெரியாது.

ஹெட்ஸ்டாக் நுனியில் இருப்பது வேறு வகைப் பழுது. பெயிண்ட் பெயர்வது ஒன்று, மரமே அமுங்குவது இன்னொன்று. சீலிங் ஃபேன் இறக்கை வெட்டியிருந்தால் மரநார் அறுந்துபோயிருக்கும். நிரப்புவதைத் தவிர வழியில்லை. மோதி நசுக்கியிருந்தால் நார் அறாமல் அமுங்கியிருக்கும், அதை நீராவியால் எழுப்பலாம். படலம் உடைந்து மரம் தெரிகிற இடமாக இருப்பதுதான் இதற்கு வசதி. முழுப் படலம் மூடிய பள்ளத்துக்குள் ஈரம் போகவே போகாது. ஈரத்துணியை நாலாக மடித்துப் பள்ளத்தின் மேல் வைத்து, சால்டரிங் அயர்ன் முனையால் துணியைச் சில நொடி தொட்டு எடுங்கள். ஆவி உள்ளே போக, நார் ஊதி எழும். இரண்டு மூன்று முறைக்குமேல் எழாதது எழப்போவதில்லை. அயர்ன் முனை பெயிண்டில் நேரடியாகப் படக் கூடாது. இரவு முழுக்கக் காயவிட்டு, மெல்லிய சூப்பர் குளூவால் அடைத்து, மேலே சொன்னபடி சமப்படுத்துங்கள். ஹெட்ஸ்டாக் மேப்பிள் மரமாக இருந்தால் நிறம் பூச வேண்டியதில்லை. பசையே ஈரமரத்தின் சாயலைக் கொடுக்கும், அது பழைய மஞ்சள் பூச்சோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்.

நெக்கின் பின்புறத்துக் குங்குமம். நெக் பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வகைப் பூச்சு மெல்லியது, கைபட்டுத் தேய்ந்த இடத்தில் மரம் திறந்தே கிடக்கும், சாயம் உள்ளே போகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த அசல் குங்குமமாக இருந்தால் நல்லகாலம்: மஞ்சளின் நிறப்பொருள் ஆல்கஹாலில் கரையும், வெளிச்சத்தில் வெளுக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் எடுத்து ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்பாதீர்கள். மீதியைக் காலை வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தில் சில நாள் வையுங்கள்; உச்சிவெயிலில் வேண்டாம். செயற்கைச் சாயம் கலந்த குங்குமமாக இருந்தால் முழுக்கப் போகாது. அதற்காக அந்த இடத்தைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் மங்கல் நெக்கில் ஒரு பளபளப்புத் திட்டு வந்து, கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் அங்கே ஒட்டி நிற்கும். மங்கலை மங்கலாகவே வைத்திருக்க மிக மெல்லிய இரும்புக் கம்பளிதான் வழி. அதை எடுக்கும் முன் பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச் சுருள்கள்) டேப்பால் மூடிவிடுங்கள், உதிரும் இரும்புத் துகள் முழுவதையும் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஜே.சி. ரோடு விஷயத்துக்கு வருகிறேன். கார் பெயிண்டுக்கும் கிட்டாருக்கும் பழைய உறவு உண்டு. 1950களிலும் 60களிலும் ஃபெண்டர் நிறுவனம் தன் தனி நிறங்களுக்கு டூபாண்ட் நிறுவனத்தின் ட்யூக்கோ, லூசைட் கார் பெயிண்டுகளைத்தான் வாங்கி அடித்தது. ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூ எல்லாம் அமெரிக்கக் கார்களின் நிறங்கள். இன்று கார்களுக்கு ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டும் கிட்டாருக்கு முற்றிலும் ஏற்றதே. எனக்கு நம்பிக்கையில்லாதது பெயிண்டில் அல்ல, வேலையின் பழக்கத்தில். கதவுத் தகரத்துக்குப் பட்டி பார்த்துப் பழகிய கை, பாடியின் மென்வளைவுகளைத் தட்டையாக்கிவிடும். நெக் உட்காரும் பள்ளத்துக்குள்ளும் பெயிண்ட் விழும். அரை மில்லிமீட்டர் ஏறினால் நெக் உள்ளே நுழையாது, நுழைத்தால் நீங்கள் இப்போது கேட்கும் அதே விரிசல் கோடு வேறொரு மூலையில் வரும். காயவைக்கும் அறையில் 60 டிகிரி சூடு என்பது காருக்குச் சாதாரணம், மரத்துண்டுகளை ஒட்டிய பசைக்கு அல்ல. இதற்கு ஆகும் கூலியைப் பழைய கிட்டாரின் விலையோடு ஒப்பிட்டும் பாருங்கள். நிறம் கலந்து சின்ன பாட்டிலில் வாங்க வேண்டுமென்றால் தாராளமாக ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள்; உங்களுக்கு அதுவும் தேவையில்லை, கறுப்பு எங்கும் கறுப்புதான்.

உலோகப் பாகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகள் துருப்பிடித்திருந்தால் அவற்றை மாற்றிவிடுங்கள். சென்னைக் கடற்காற்றில் வளர்ந்த கிட்டார்களோடு ஒப்பிட்டால் பெங்களூருக் கிட்டார்களில் துரு குறைவு, இங்கே எதிரி உள்ளங்கை வியர்வைதான். தங்கமுலாம் பூசிய பாகங்களில் பாலிஷ் போடாதீர்கள், முலாம்தான் போகும்.

நண்பரின் கிப்சனுக்கு மேலே சொன்ன வைத்தியம் செல்லாது. நைட்ரோவைச் சரிசெய்ய நைட்ரோவே வேண்டும். மரச்சாமான் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அதே குடும்பம்தான். தின்னர் கலந்து துளித்துளியாக விட்டால் ஒவ்வொரு துளியும் அடியிலுள்ளதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். நன்றாகச் செய்தால் சேர்ந்த இடமே தெரியாது, பாலியில் கிடைக்காத சௌகரியம் இது. விலையாகக் கேட்பது பொறுமை. லாக்கர் வாரக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். இன்று சமப்படுத்தியது அடுத்த மாதம் பள்ளமாகும். மழைக்காலத்தில் ஆரம்பிக்கவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, படலம் பால்போல வெளுத்துவிடும். சூப்பர் குளூவை நைட்ரோவின் மேல் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் வழிந்ததை அழிக்க அசிட்டோனை எடுத்தால் பசையோடு லாக்கரும் சேர்ந்து போய்விடும்.

அதற்கும் முன்னால், அது எந்த வருடத்துக் கிட்டார் என்று பாருங்கள். பழமைக்கு மதிப்புள்ள கிட்டாராக இருந்தால் முழுக்கப் பெயிண்ட் அடித்த உடனே விலை ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தச் சந்தையில் பொதுவான கணக்கு. படலம் முழுக்க மெல்லிய வலைபோல வெடித்திருக்கிறதே என்று அவர் வருத்தப்பட்டால் ஆறுதல் சொல்லுங்கள். குளிரிலும் சூட்டிலும் மரமும் லாக்கரும் வேறு வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது அது, பழையதற்கு அடையாளம். ஃபெண்டரின் தனித் தயாரிப்புப் பிரிவான கஸ்டம் ஷாப் 1995 முதல் புத்தம்புதிய கிட்டாரை வேண்டுமென்றே தேய்த்து, சிராய்த்து, கூடுதல் விலைக்கு விற்கிறது. அயர்லாந்து கிட்டார் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஸ்ட்ராட்டில் பெயிண்டைவிட மரம்தான் அதிகம் தெரியும், ரசிகர்கள் அதன் நகலைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எனக்கு அந்தச் செயற்கைத் தேய்மானத்தில் மோகம் இல்லை. ஆனால் தானாக வந்ததை அழிப்பதிலும் இல்லை.

அவர் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர் கைகளிலிருந்து கசியும் இளக்கிப் பொருள் நைட்ரோவைத் தின்றுவிடும். படலம் இளகி, ஸ்டாண்டின் அச்சு கிட்டாரில் விழும். மலிவான வினைல் ஸ்டிராப்பும், கையில் தடவிய கொசுவிரட்டிக் களிம்பும் அதே வேலையைச் செய்யக் கூடியவை. ரப்பர் கைகளில் பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டு சுற்று சுற்றி நூலால் கட்டச் சொல்லுங்கள். பெயிண்ட் வேலையெல்லாம் மழை ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.